பாக்கெட் பிரிக்காத பன்னிரண்டு பிரஷ்

"கழுவுனியா, இல்லியா? அதை மட்டும் சொல்லு!"

"கழுவுனேன். இப்ப என்ன அதுக்கு?"

"இப்ப என்னவா? கேட்டீங்களா எதிர்வீடு, இப்ப என்னவாம்!"

இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் நான் அப்போதுதான் அவர்கள் வாசற்படியில் கால் வைத்திருந்தேன். வைத்த காலை எடுத்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். பெயர் சொல்லாவிட்டாலும் வீட்டைச் சொல்லிக் கூப்பிட்டுச் சாட்சிக்கு நிறுத்துகிறார்கள். அப்படியே திரும்பிப் போவது மரியாதையாக இருக்குமா? உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியோடு ஓரமாக நின்றுகொண்டேன்.

அந்த வீட்டின் முன்னறைதான் பார்லர். ஆளுயரக் கண்ணாடி, அதைச் சுற்றிப் பத்து பல்பு, நடுவில் சுழல் நாற்காலி. அந்த நாற்காலியில் அன்று வாடிக்கையாளர் இல்லை, கல்யாணப் பெண். கழுத்தில் துண்டு, தலையில் நாலு கிளிப், முகம் முழுக்கக் கிரீம். பத்தரை மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் எட்டு மணிக்கு எண்ணெயில் போட்ட அப்பளம் போலப் பளபளத்துக்கொண்டு, தலைக்கு மேலே நடக்கும் சண்டையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா என்று கூப்பிடுவோம். பாப்பாவுக்கு இருபத்தாறு வயது.

அவள் தலைக்குப் பின்னால் நின்று கத்தியது அவளுடைய அம்மா, பார்லர்க்காரம்மா. சமையலறை வாசலில் கைகட்டி நின்று பதில் சொன்னது அந்த வீட்டு மருமகள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எங்கள் கட்டிடத்துக்கு நர்ஸம்மா, மாமியாருக்கு மட்டும் டாக்டரம்மா. அந்தப் பட்டத்தை மாமியார் பாசத்தில் கொடுக்கவில்லை. மருமகள் வந்த முதல் வாரமே கொடுத்துவிட்டார்.

சண்டை எதற்கென்றால், பிரஷ். கன்னத்துக்கு, கண்ணுக்கு, மூக்கோரத்துக்கு என்று மொத்தம் பன்னிரண்டு பிரஷ் அடங்கிய செட். பார்லர்க்காரம்மா மகளின் கல்யாணத்துக்காகவே வாங்கி, மேலே சுற்றிய கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்காமல் அலமாரியில் ஒரு மாதமாக வைத்திருந்தது. "ஊரார் முகத்துல பட்டது என் பொண்ணு முகத்துல படக்கூடாது. கல்யாணத்தன்னிக்குக் காலையில என் கையாலதான் பிரிப்பேன்" என்று என்னிடமே நாலு தடவை சொல்லியிருக்கிறார். நாலு தடவையும் புதுச் செய்தி மாதிரித்தான் கேட்டுக்கொண்டேன்.

அவர் அழுக்குக்காரி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வாராவாரம் பழைய பிரஷ் அத்தனையையும் ஷாம்பூ போட்டு அலசுவார். ஆனால் புதுசைக் கழுவுவது அவருக்குப் பிடிக்காது. பழசைக் கழுவுவது தொழில், புதுசைக் கழுவுவது சந்தேகம் என்பது அவர் கட்சி. மருமகளுக்கோ எது கையில் கிடைத்தாலும் கழுவ வேண்டும். புதுத் தட்டு, புதுத் துணி, புதுச் செருப்பின் அடிப்பாகம் வரைக்கும். மாமியார்மேல் சந்தேகப்பட்டுக் கழுவுகிறாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகம் இருந்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு டீச்சரம்மா புருவம் திருத்தி, புது பிரஷ்ஷால் பவுடரும் போட்டுக்கொண்டு போய், மறுநாள் நெற்றி முழுக்கப் பொரிப்பொரியாகத் திரும்பி வந்தார். பார்லர்க்காரம்மா சமாதானம் சொல்ல வாய் திறப்பதற்குள், உள்ளேயிருந்து வந்த மருமகள் டீச்சரம்மாவை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்: "அத்தை, அந்தப் புது பிரஷ்ஷைக் கழுவிட்டுத்தானே போட்டீங்க?"

அவ்வளவுதான். டீச்சரம்மா அதைப் பள்ளிக்கூடம் பூராவும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கழுவுவது என்ற சொல் கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. பாத்திரத்தைக்கூடத் தேய்க்கிறேன் என்றுதான் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் கண்ணாடிக் காகிதம் பிரிக்காத செட்டைக் கழுவி, காயவைத்து, மறுபடி பிரிக்காத மாதிரியே பெட்டியில் வைத்திருக்கிறாள் மருமகள்.

மாமியார் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் வேடிக்கை. கண்ணாடிக் காகிதத்தை அடியில் பிளேடால் கீறி, பின்னர் டேப் ஒட்டியிருந்தாள். டேப் கண்ணுக்கே தெரியவில்லை. (நல்ல டேப். என்னுடையதுதான். அந்தக் கதைக்கு வருகிறேன்.) ஈரமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆனால் மூடியைத் திறந்ததும் பன்னிரண்டு பிரஷ்ஷும் சின்னதிலிருந்து பெரியது வரை, காம்பு எல்லாம் ஒரே கோட்டில், ஆபரேஷனுக்குக் கத்தி அடுக்கின மாதிரி படுத்திருந்தன. எந்தக் கம்பெனிக்காரன் அப்படி அடுக்குவான்? கை தானாகச் செய்த வேலை. எட்டு வருஷமாகத் தினமும் அடுக்குகிற கை.

"பாருங்க எதிர்வீடு," என்று பெட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினார் பார்லர்க்காரம்மா. "கத்திரிக்கோல் ஒண்ணுதான் குறைச்சல். மயக்க ஊசி போட்டுட்டு ஆரம்பிக்கலாம்."

"அத்தை, புதுசுன்னா சுத்தம்னு யார் சொன்னது?" என்றாள் மருமகள். குரல் ஏறவில்லை. அவளுக்குக் குரல் ஏறாது, அதுதான் மாமியாருக்கு இன்னும் எரிச்சல். "முடி கலையாம நிக்கணும்னு பசை தடவுறாங்க. சாயம் போடுறாங்க. பாக்கெட்ல போட்டவன் கையைக் கழுவிட்டுப் போட்டானா, மூக்கை நோண்டிட்டுப் போட்டானா, நீங்க பாத்தீங்களா?"

"கல்யாணத்தன்னிக்குக் காலையில என் வீட்டுல பேசுற பேச்சாடி இது?"

"நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

"இருபது வருஷமா எத்தனை கல்யாணப் பொண்ணுங்க இந்த நாற்காலில உக்காந்து எழுந்து போயிருக்காங்க! ஒருத்திக்காவது ஒரு பொரி வந்திருக்கா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். டீச்சரம்மா கல்யாணப் பெண் இல்லைதானே.

முக்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மகன் தலையைத் தூக்கினான். ஏசி ரிப்பேர் செய்கிறவன். வெளியே பத்து வீட்டைக் குளிர வைப்பான், சொந்த வீட்டில் வேலைக்காகாது. "அம்மா, மணி எட்டேகால். வேணும்னா சாயங்காலமா ரெண்டு பேரும் சேந்து என்னைக் கழுவி ஊத்துங்க. இப்ப அவ முகத்தைப் பாருங்க."

"நீ சும்மா இருடா!"

"நீங்க சும்மா இருங்க!"

மாமியாரும் மருமகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இனி டேப் கதை. இரண்டு நாள் முன்னால், பார்லர்க்காரம்மா கல்யாணத் துணி வாங்கத் தையல்கடைக்குப் போயிருந்த மத்தியானம், நர்ஸம்மா என் கதவைத் தட்டினாள். "அக்கா, உங்க சாப்பாட்டு மேஜை ஒரு நாள் வேணும்." கையில் துண்டு சுற்றிய பன்னிரண்டு பிரஷ், சொட்டச் சொட்ட. கருஞ்சாயம் கலந்த தண்ணீர் துண்டில் இறங்கியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். முடியெல்லாம் மேஜை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் கீழ்நோக்கித் தொங்கும்படி ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தாள். "டம்ளர்ல நட்டமா நிக்க வெச்சா என்ன?" என்று கேட்டேன். "நிக்க வெச்சா தண்ணி அந்தத் தகரப் பூணுக்குள்ள இறங்கிடும்க்கா. உள்ள இருக்கிற பசை விட்டுப்போச்சுன்னா முடி கொத்தோட கழண்டு கையில வந்துடும்" என்றாள். காலிப் பெட்டி அலமாரியிலேயே இருந்தது. மறுநாள் காய்ந்ததும் அதைக் கொண்டுவந்து அடுக்கி, என் டேப்பை வாங்கி ஒட்டிக் கொண்டுபோனாள்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள். நானும் சொல்லவில்லை. நம்ப மாட்டீர்கள், தெரியும்.

எதற்கு இந்த வம்பு என்று அன்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலும் எனக்குத் தெரியும். பாப்பாதான் கேட்டிருக்கிறாள். பாப்பாவுக்குச் சுலபமாகச் சிவந்துபோகிற தோல். சோப்பு மாற்றினாலே கன்னம் தடித்துவிடும். "அண்ணி, அம்மாகிட்ட சொன்னா கொன்னுடுவாங்க. நீங்களே எப்படியாவது கழுவி வெச்சிடுங்க. கல்யாணத்தன்னிக்கு என் முகம் வீங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று அழுதிருக்கிறாள். பொறுப்பை ஏற்றுக்கொண்டது அண்ணி.

அந்தப் பாப்பா இப்போது கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"யாரைக் கேட்டுத் தொட்டே? சொல்லு! யார் கேட்டா உன்னை?" என்று மாமியார் உறுமினார்.

மருமகள் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் பாப்பாவின் கண்ணைத்தான் பார்த்தாள். பாப்பா மடியில் இருந்த துண்டின் நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு நூல், இரண்டு நூல். நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"யாரும் கேக்கல," என்றாள் மருமகள் கடைசியில். "எனக்கே திமிர்."

"அப்படிச் சொல்லு! இப்பதான் வாயில உண்மை வருது. வந்த நாள்லேர்ந்து என்னை அழுக்குக்காரியா காட்டணும்னுதானே அலையுறே? உன் கை பட்டதை என் பொண்ணு முகத்துல வெக்கமாட்டேன்." பெட்டியைக் கவிழ்த்தார். பன்னிரண்டு பிரஷ்ஷும் மூலையில் இருந்த தரை துடைக்கிற வாளிக்குள் போய் விழுந்தன.

மருமகள் வாளியை எட்டிப் பார்த்தாள். "இப்பதான் அழுக்காச்சு," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருமினேன். இருமியது தப்பு, பார்லர்க்காரம்மாவின் பார்வை என்மேல் விழுந்தது. "எதிர்வீடு, நீங்க போங்க. தெருமுனை ஃபேன்சி ஸ்டோர்ல பெரிய பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. பாக்கெட் பிரிக்காதது. எவ கையும் படாதது." கடைசி வரியை மருமகள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு ஓடினேன். கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். குனிந்து உள்ளே போனால், இருந்ததே இரண்டு பெரிய பிரஷ். ஒன்று பழுப்பு முடி, பார்க்கவே சாணி நிறம். இன்னொன்று தங்கக் காம்பு, கருஞ்சிவப்பு முடி, ராணி மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு எதை வாங்குவீர்கள்? நானும் அதைத்தான் வாங்கினேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

திரும்பி வரும்போது பாப்பாவின் முகத்தில் பஞ்சு வைத்து ஃபவுண்டேஷன் போட்டு முடித்திருந்தார் அம்மா. அழகாகத்தான் இருந்தது, கைத்தொழில் தெரிந்தவர். என் கையிலிருந்து பாக்கெட்டைப் பிடுங்கி, மருமகளுக்குத் தெரியும்படி உயரத் தூக்கி, சர்ரென்று கிழித்தார்.

"பாத்துக்கோ. பாக்கெட்லேர்ந்து நேரா."

மருமகள் நின்ற இடத்திலிருந்து அந்த முடியின் நிறத்தைப் பார்த்தாள். ஒரு அடி முன்னால் வந்தாள். "அத்தை, அது சாயம்..."

"வாயை மூடு."

"தண்ணி மட்டும் தெளிக்காதீங்க."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பார்லர்க்காரம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. பவுடர் பறக்காமல் படிய வேண்டும் என்று பிரஷ்மேல் புஸ்புஸ்ஸென்று இரண்டு தடவை தண்ணீர் தெளித்துக்கொள்வார். அது அவருடைய கைராசி, மற்ற பார்லர்க்காரர்களுக்குத் தெரியாத ரகசியம் என்று பெருமையும் உண்டு. அன்று, தெளிக்காதே என்று மருமகள் சொன்ன காரணத்துக்காக, நாலு தடவை தெளித்தார். பிரஷ்ஷை ரோஸ் பவுடரில் தோய்த்து வலது கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு.

முதலில் நல்ல நிறம் என்றுதான் நானும் நினைத்தேன். அவரும் நினைத்திருப்பார், "எப்படிப் பிடிக்குது பாரு" என்று இன்னொரு இழுப்பு இழுத்தார். கன்னத்து எலும்பிலிருந்து தாடை வரைக்கும் பீட்ரூட் அரைத்துப் பூசின மாதிரி ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு சொட்டு கிளம்பிக் கழுத்துத் துண்டில் விழுந்து விரிந்தது.

பாப்பா அலறினாள். அம்மா பஞ்சால் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் காதுவரை பரவியது. பஞ்சு சிவப்பு, விரல் சிவப்பு, வெள்ளைத் துண்டைப் பார்த்தால் அந்த அறையில் யாரையோ வெட்டின மாதிரி இருந்தது. மகன் ஒரு காலில் ஷூவோடு எழுந்து நின்றான்.

"அண்ணி! அண்ணி, ஏதாவது பண்ணுங்க!"

அண்ணி கட்டிய கையைப் பிரிக்கவில்லை. "என் கை பட்டா உங்கம்மாவுக்கு ஆகாது, பாப்பா."

"அண்ணி, ப்ளீஸ்!"

"உங்கம்மாவைக் கூப்பிடச் சொல்லு."

பார்லர்க்காரம்மா கூப்பிடவில்லை. சிவந்த விரலோடு நின்றுகொண்டு, "இவ கண்ணு பட்டுத்தான் இப்படி ஆச்சு" என்றார்.

அப்போதுதான் பாப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அம்மா, போதும்! நான்தான் கழுவச் சொன்னேன். நான்தான் அண்ணிகிட்ட அழுதேன். உன் பிரஷ்ஷை நினைச்சு எனக்கு ஒரு வாரமா தூக்கம் இல்ல. போதுமா?"

பார்லர்க்காரம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முகம் எழுதியவர். சொந்த மகளே அவர் கைக்குப் பயந்திருக்கிறாள். கையிலிருந்த பிரஷ்ஷை மெதுவாக மேஜைமேல் வைத்தார். மேஜையும் சிவந்தது.

மருமகள் பாப்பாவிடம், "இதை அரை மணி நேரம் முன்னாடி சொல்லியிருக்கலாம்," என்றாள். அவ்வளவுதான். பிறகு எண்ணெயும் பஞ்சும் எடுத்துவந்து, நோயாளி மாதிரி தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, துடைத்தாள். முக்கால்வாசி போனது. தாடையோரம் ஒரு விரல் அகலத்துக்குச் சாயம் அப்படியே பிடித்துக்கொண்டது. மேலே லேசாகப் பவுடர் தட்டி, "இனிமே தேய்ச்சா தோல்தான் போகும்" என்று கையைக் கழுவப் போய்விட்டாள். இரண்டு தடவை சோப்புப் போட்டாள். கதவு திறந்தே இருந்ததால் பார்த்தேன்.

பத்தரை மணிக்குக் கையெழுத்து ஆனது. கல்யாணப் படங்களை நானும் பார்த்தேன். எல்லாப் படத்திலும் பாப்பா இடது பக்கம் மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்தார்களாம். படத்தில் பார்லர்க்காரம்மா ஒரு ஓரம், மருமகள் மறு ஓரம், நடுவில் எட்டுப் பேர்.

பார்லர்க்காரம்மா அடங்கிவிட்டார் என்று நினைத்தால் அவரைத் தெரியவில்லை என்று அர்த்தம். மூன்றாம் நாளே படிக்கட்டில் என்னை நிறுத்தி, "அவ அந்த நல்ல செட்டைக் கழுவாம இருந்திருந்தா நான் ஏன் அந்தக் கண்டதை வாங்கப்போறேன்? யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசித்தேன். அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் நர்ஸம்மா, "அதையும் கழுவியிருந்தா சாயம் சாக்கடையில போயிருக்கும், கன்னத்துல போயிருக்காது" என்றாள். அதையும் யோசித்தேன். இருவரிடமும் தலையாட்டினேன். எனக்கு இரண்டு பேருமே வேண்டும்.

பாப்பா புருஷனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அண்ணிக்கு வாரம் ஒரு தடவை போன் செய்கிறாளாம், அண்ணி எடுப்பதில்லை. மாமியார் திட்டுவது நர்ஸம்மாவுக்குப் பழக்கம். கண்ணாடிக்குள் பாப்பா நூல் பிரித்ததைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அடுத்த மாதமே ஏசிக்காரனும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக் குடிபோனார்கள். போகும்போது மாமியாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பன்னிரண்டு பிரஷ்ஷையும் அன்றே வாளியிலிருந்து எடுத்துவைத்து, கழுவித்தான், கூடவே கொண்டுபோனாள்.

போன வாரம் அவள் புது வீட்டுக்கு ஒரு நடை போய் வந்தேன். கன்னத்துக்கான அந்தப் பெரிய பிரஷ்ஷால் ஸ்விட்ச் போர்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். சும்மா போகக்கூடாது என்று ஒரு செய்தியோடுதான் போயிருந்தேன்.

"உங்க மாமியார் புது செட் வாங்கியிருக்காங்க. நேத்து பாக்குறேன், பால்கனியில அத்தனையும் ஈரமா நிக்குது. 'கழுவுனீங்களா?'ன்னு கேட்டேன். 'கழுவலையே, சாரல் அடிச்சிடுச்சு'ன்னாங்க. வெளியில மழையே இல்ல!"

நர்ஸம்மா தட்டுவதை நிறுத்தினாள். "நிக்குதா? எப்படி?"

"டம்ளர்ல. நட்டமா. முடி மேல பாத்த மாதிரி."

அந்த வீட்டை விட்டு வந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.

"இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்க்கா," என்று சொல்லிவிட்டு மறுபடி ஸ்விட்ச் போர்டைத் தட்ட ஆரம்பித்தாள்.

நட்டமாக நிறுத்தினால் பசை விட்டுவிடும் என்று பார்லர்க்காரம்மாவிடம் போய்ச் சொல்லலாம்தான். அடுத்த கல்யாணப் பெண் யாரென்று தெரிந்த பிறகு யோசிக்கலாம்.